தறி வீட்டுப் பிள்ளையும் கணக்கு வகுப்பின் சட்டமும்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் கணக்கு உபாத்தியாயர் முதல் வேலையாகச் சில சட்டங்களை மாணாக்கருக்குச் சொல்லுகிறார். வகுப்புக் கணக்குக்கு ஒரு நோட்டு, வீட்டுக் கணக்குக்கு வேறொரு நோட்டு. ஜாமிட்ரி பெட்டி கட்டாயம். மணி அடித்த பிறகு வருகிற பிள்ளை வாசலில் நிற்க வேண்டும். வீட்டுக் கணக்குச் செய்யாத பிள்ளை அதைப் பத்துத் தடவை எழுத வேண்டும். பரீட்சையில் 35-க்குக் குறைந்தால் தகப்பனாரையோ தாயாரையோ அழைத்து வர வேண்டும். ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு மாறுமேயன்றிப் பொதுவில் சட்டங்கள் இவைதான். பெரியவர்கள் இவற்றை அற்ப விஷயங்களென்று தள்ளிவிடுகிறார்கள். பாடத்திட்டத்தைப் பற்றி மேடைதோறும் வாதம் நடக்கிறது. போதனா மொழியைப் பற்றிக் கிளர்ச்சி நடக்கிறது. வகுப்பின் கதவுக்குள்ளே நடக்கும் சட்டத்தை மட்டும் எவரும் கேள்வி கேட்பதில்லை. நமது அபிப்பிராயத்தில், ஒரு பிள்ளை கணக்குக் கற்குமா கற்காதா என்பதைப் பாடப் புஸ்தகத்தைவிட இந்தச் சில்லறைச் சட்டங்களே அதிகமாகத் தீர்மானிக்கின்றன. ஆரணியைப் போன்ற நெசவு ஊரில் இது இன்னும் கண்கூடு.

திருவண்ணாமலை ஜில்லாவில், கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணிக்குப் பட்டும் அரிசியும் இரண்டு ஜீவாதாரங்கள். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. ஊருக்குள்ளும், தேவிகாபுரம், ஒண்ணுபுரம் முதலிய சுற்றுக் கிராமங்களிலும் வீடே தறிக்கூடமாக இருப்பது நெடுநாளைய வழக்கம். இத்தொழில் முழுவதும் கணக்கிலேயே நிற்கிறது. நெசவாளி பாவையும் ஊடையையும் ஜரிகையையும் எடை போட்டு வாங்கிக் கொள்கிறான். நெய்து முடித்த புடவையை எடை போட்டுத் திருப்பிக் கொடுக்கிறான். இடையில் சேதாரமென்று எவ்வளவு கழியும், கூலியில் முன்பணத்துக்காக எவ்வளவு பிடிக்கப்படும், கைக்கு வரவேண்டிய மிச்சம் என்ன என்பதெல்லாம் கொடுக்கிறவருடைய புஸ்தகத்தில் எழுதப்படுகின்றன. அந்தப் புஸ்தகத்தைப் படித்துச் சரிபார்க்க முடியாத நெசவாளி, தன் உழைப்பின் விலையைப் பிறர் சொல்லக் கேட்டுத் தலையசைக்கிறான். முன்பணக் கடன் வருஷக்கணக்கில் தீராமலிருப்பதற்கு வறுமையே முதற் காரணம் என்பது மெய்; கணக்குத் தெரியாமை அதற்குத் துணைக் காரணம். ஆகையால் ஆரணியில் கணக்குப் பாடம் பரீட்சையோடு முடிகிற விஷயமன்று, கூலியைத் தொடும் விஷயம்.

மற்றப் பாடங்களுக்கில்லாத ஒரு குணம் கணக்குக்கு உண்டு. சரித்திரத்தில் சோழர் காலத்தைப் படிக்கத் தவறிய பிள்ளை நாயக்கர் காலத்தைப் படித்துவிடலாம். பின்னம் சொல்லிக் கொடுத்த வாரத்தில் வராத பிள்ளைக்கு விகிதம் புரியாது. விகிதம் புரியாததால் சதவீதம் புரியாது. அதற்கு மேல் இயற்கணிதம் வெறும் எழுத்துக் குவியலாகத் தோன்றும். ஐந்தாம் வகுப்பில் அறுந்த இழை பத்தாம் வகுப்பில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. அப்பொழுது அந்தப் பிள்ளையைக் கணக்கு வராத பிள்ளை என்று எல்லோரும் சொல்லி, அதுவும் அப்படியே நம்பிவிடுகிறது.

தறி வீட்டுப் பிள்ளை ஏன் வராமலிருக்கிறது? பாவு நீட்டும் நாளில் விடியற்காலையிலேயே வீட்டிலுள்ள எல்லாக் கைகளும் தெருவில் வேண்டும். அன்று பிள்ளை வகுப்புக்கு நேரம் கழித்து வரும், அல்லது வராது. கல்யாண மாதங்களுக்கு முன் தறி ஓய்வதில்லை. தார் சுற்ற ஆள் வேண்டும். 1986-ஆம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 14 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைத்துக் கொள்வதையே தடுத்த 2016-ஆம் வருஷத் திருத்தமும் நல்ல காரியங்கள். கூலிக்குத் தறியில் உட்காரும் பிள்ளைகள் முன்னைக்கு இப்பொழுது குறைந்திருக்கிறார்கள். ஆனால் தாயார் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் ராட்டை சுற்றும் பிள்ளையை எந்த இன்ஸ்பெக்டர் பார்க்கிறார்? சட்டம் வாசற்படியில் நின்றுவிடுகிறது.

நேரம் கழித்து வரும் பிள்ளையை என்ன செய்வது என்பது நமது நாட்டில் பழைய கேள்வி. 1822-இல் சென்னை ராஜதானியின் கவர்னர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு ஜில்லாவிலும் உள்ள பள்ளிக்கூடங்களைப் பற்றிக் கலெக்டர்களிடம் விவரம் கேட்டார். 12,498 பள்ளிக்கூடங்கள், 1,88,650 மாணாக்கர் என்பது 1826-இல் அவர் தொகுத்த கணக்கு. பெரும்பாலான கலெக்டர்கள் எண்களை நிரப்பி அனுப்பிவிட்டார்கள். பல்லாரிக் கலெக்டர் ஏ. டி. காம்பெல் மட்டும் 1823 ஆகஸ்டில் அனுப்பிய கடிதத்தில் வகுப்பு நடக்கும் முறையையே வர்ணித்திருக்கிறார். காலையில் முதலாவதாக வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வரும் பிள்ளைக்கு ஒரு சுன்னம். புகழ்ச்சியுமில்லை, இகழ்ச்சியுமில்லை என்று அர்த்தம். மூன்றாவது பிள்ளைக்கு மெதுவாக ஓர் அடி, நான்காவதற்கு இரண்டு, பிறகு வருகிறவர்களுக்கு ஒவ்வொன்று கூடிக்கொண்டே போகும். கணக்குப்படி பார்த்தால் பத்தாவது வரும் பிள்ளைக்கு எட்டு அடி! சோம்பேறிப் பிள்ளைகளைக் கைகளைக் கட்டி உத்தரத்தில் தொங்க விடுவதும், உட்கார்ந்து உட்கார்ந்து எழச் செய்வதும் உண்டு என்கிறார். நம் பாட்டனார்கள் கோதண்டம் என்றும் தோப்புக்கரணம் என்றும் சொன்னவை இவைதாம்.

அதே கடிதத்தில் காம்பெல் இன்னொரு விஷயமும் எழுதினார். பள்ளிக்கூடம் இருந்த பல கிராமங்களில் இப்பொழுது பள்ளிக்கூடம் இல்லை. இங்கிலீஷ் துணி வந்து இறங்கியதால் கைத்தொழிலாளரின் வருவாய் சுருங்கிவிட்டது. குழந்தைகளின் இளங்கைகள் ஏதேனும் ஒரு வேலைக்குத் தகுதியானவுடன் பெற்றோர் அவற்றை வேலைக்குப் பிடித்துக் கொள்கிறார்கள் என்பது அவருடைய வாக்குமூலத்தின் சாரம். வெள்ளைக்கார அதிகாரியின் பேனாவிலிருந்து இது வந்தது என்பதை நமது வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆனால் அவர் இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்துப் பார்க்கவில்லை. பத்தாவதாக வந்து எட்டு அடி வாங்கும் பிள்ளை யார்? விடியற்காலையில் வீட்டு வேலை செய்துவிட்டு ஓடி வருகிற பிள்ளையாகத்தானே பெரும்பாலும் இருக்கும்? உள்ளங்கையில் சரஸ்வதி எழுதப்பெறும் பிள்ளையின் வீட்டில் வேலைக்கு வேறு ஆட்கள் இருந்திருப்பார்கள். தண்டனை சோம்பலுக்கு என்று பெயர். போய்ச் சேர்ந்த இடம் வறுமை.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நல்லதே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறை அங்கே செவ்வையாக நடந்தது. எழும்பூரில் ராணுவ அநாதைப் பிள்ளைகளின் பள்ளியை 1789 முதல் நடத்தி வந்த ஆண்ட்ரூ பெல் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியில் கைக்கொண்டார். மூத்த மாணாக்கரைக் கொண்டே இளையவருக்குப் போதித்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றிப் புஸ்தகம் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்று சீமையில் அது பரவிற்று. பாடத்திலும் சிறப்பு இருந்தது. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று பிள்ளைகள் படித்தவை ஊரில் நடக்கும் காரியங்களின் கணக்குகள். முந்திரி என்றால் 320-இல் ஒன்று. காணி 80-இல் ஒன்று. மா 20-இல் ஒன்று. மாகாணி 16-இல் ஒன்று. இந்தப் பின்னங்களெல்லாம் பிள்ளைகளின் நாவில் நின்றன. ரூபாய்க்கு 16 அணா இருந்தவரை மாகாணிக்குக் கடைத்தெருவில் வேலை இருந்தது. 1957 ஏப்ரல் முதல் தேதி நூறு காசு வந்ததும் அந்த வேலை போயிற்று. அதை மீண்டும் கொண்டு வரவேண்டுமென்று சிலர் பேசுவதில் நமக்குச் சம்மதமில்லை. அந்தத் திண்ணையில் பெண் பிள்ளைகள் அநேகமாக இல்லை. ஒடுக்கப்பட்ட ஜாதியாரின் பிள்ளைகளுக்கு இடமேயில்லை. பழம் பெருமை பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இப்பொழுது சட்டம் எங்கே நிற்கிறது? 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 17-ஆவது பிரிவில் தடை செய்கிறது. ஒரே வகுப்பில் நிறுத்தி வைப்பதை 16-ஆவது பிரிவு தடுத்தது. 2019-இல் மத்திய சர்க்கார் அதைத் தளர்த்தி, ஐந்திலும் எட்டிலும் நிறுத்தி வைக்க மாகாணங்களுக்கு அதிகாரம் தந்தது. தமிழ்நாட்டு சர்க்கார் அந்த வழியே போகவில்லை. 2025 ஆகஸ்டில் வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையிலும் எட்டாம் வகுப்புவரை நிறுத்துவதில்லை என்றே நிற்கிறது. நாம் இதை வரவேற்கிறோம். ஏழு வயதுப் பிள்ளையைத் தோற்றவனென்று முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்பினால், தறி அதை உடனே ஏற்றுக் கொள்ளும், திருப்பித் தராது. ஆயினும் நிறுத்தாமை ஒன்றே கற்பித்தலாகிவிடாது. பின்னம் தெரியாமலே எட்டு வகுப்பு ஏறி வந்த பிள்ளை, பத்தாவது பொதுப் பரீட்சையில் 35 மார்க்கு என்ற கதவின்முன் தனியாக நிற்கிறது. 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் கீழ் வகுப்புகளிலேயே இந்தக் குறையைத் தீர்க்கப் பார்த்தது. நல்ல முயற்சி. அதற்கு மேலே ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் கணக்கு உபாத்தியாயரின் சட்டம்தான் பிள்ளைக்குத் துணை, அல்லது பகை.

ஆகவே அந்தச் சட்டம் எப்படி இருக்க வேண்டும்? வராத நாளுக்குத் தண்டனை வேண்டாம். வராத நாளின் பாடம் வேண்டும். இதுவே நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது. பாவு நீட்டிவிட்டுப் பத்து மணிக்கு வரும் பிள்ளையை வாசலில் நிறுத்தினால், தவறிய பாடத்தோடு இன்னும் அரை மணிப் பாடமும் தவறுகிறது. நோயாளி தாமதமாக வந்ததற்காக மருந்தில் பாதியைக் குறைக்கும் வைத்தியர் உண்டா? ஆஜர்ப் புஸ்தகத்தில் 'வரவில்லை' என்று குறிக்கும் உபாத்தியாயர், அதன் பக்கத்திலேயே அன்று நடந்த பாடம் என்ன, அது அந்தப் பிள்ளைக்கு எந்த நாளில் சொல்லப்பட்டது என்று இரண்டு கட்டம் கூட்டிக் கொள்ளட்டும். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இது சாத்தியமா என்று உபாத்தியாயர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். இங்கேதான் சட்டாம்பிள்ளை உதவுவார், பிரம்பில்லாமல். பின்னத்தை நேற்றுப் புரிந்து கொண்ட பிள்ளை இன்று இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால் இரண்டும் தெளிவடையும். இதற்கென்று வாரத்தில் ஒரு பீரியடை ஒதுக்கத் தலைமையாசிரியர் மனம் வைக்க வேண்டும்.

வீட்டுக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே மாதிரிக் கணக்கு இருபது கொடுத்து, செய்யாவிட்டால் பத்துத் தடவை எழுதச் சொல்வது நோட்டை நிரப்புமேயன்றி மூளையைத் தொடாது. தறி வீட்டில் தனியாக உட்கார்ந்து எழுத இடமும் மௌனமும் கிடைப்பது அரிது. மூன்று கணக்குப் போதும்; அவற்றைப் பள்ளி விடுமுன்பே வகுப்பில் தொடங்கிவிடச் செய்வது உத்தமம்.

தப்புக்கு என்ன சட்டம்? சிவப்பு மையால் பெருக்கல் குறி போடுவதோடு உபாத்தியாயரின் கடமை தீர்ந்ததாக எண்ணுகிறார்கள். ஆரணியிலேயே ஓர் உதாரணம் சொல்லுவோம். கச்சாப் பட்டில் ஒரு வகைப் பசை உண்டு. அதைக் காய்ச்சி எடுத்தால் எடையில் ஏறத்தாழக் காற்பங்கு குறையும். அதாவது 1,000 கிராம் கச்சாப் பட்டு 750 கிராம் ஆகும். இனி, காய்ச்சிய பட்டு 600 கிராம் வேண்டுமென்றால் கச்சாப் பட்டு எவ்வளவு வாங்க வேண்டும்? பத்துப் பிள்ளைகளைக் கேட்டால் பலர், 600-இல் காற்பங்கு 150, ஆக 750 என்பார்கள். தப்பு. 750-ஐக் காய்ச்சினால் 562½ கிராமே மிஞ்சும். விடை 800. குறைந்தது கச்சாப் பட்டில் காற்பங்கு. அதே எடை காய்ச்சிய பட்டில் மூன்றிலொரு பங்கு. 750 என்று எழுதிய பிள்ளையிடம் எப்படி வந்தது என்று கேட்டால், எதன் காற்பங்கு என்ற கேள்வி தானே எழும்; சதவீதத்தின் உயிர்நிலையே அந்தக் கேள்விதான். வெறும் குறி போட்டு அனுப்பினால் அந்தப் பிள்ளை கற்றது ஒன்றே: வாயைத் திறக்கக் கூடாது. விடை தப்பானாலும் வழிக்கு மார்க்கு உண்டு, திருத்தி எழுதிக் காட்டினால் போன மார்க்கு திரும்ப உண்டு என்று சட்டம் செய்து பாருங்கள். பிள்ளைகள் பேசத் தொடங்குவார்கள். 2005-ஆம் வருஷத் தேசியப் பாடத்திட்ட வரைவுக்காக, சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் ரா. ராமானுஜம் தலைமையில் கூடிய குழு, கணக்கு வகுப்பின் பெரிய வியாதி என்று முதலில் குறித்தது பயத்தையும் தோல்வி உணர்ச்சியையுமே.

பட்டுக் கணக்கைச் சொன்னோம். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. கைத்தொழிலை வைத்துக் கல்வி புகட்ட வேண்டும் என்று 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய மகாநாடு தீர்மானித்தது. ஜாகிர் ஹுசேன் கமிட்டி அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. நூற்பும் நெசவும் அதில் முக்கிய தொழில்கள். உயர்ந்த நோக்கந்தான். ஆனால் 1953-இல் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி, பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று திட்டம் கொண்டு வந்தபோது, குலக்கல்வி என்று நாடு கொந்தளித்தது. 1954-இல் காமராஜ் மந்திரிசபை அதைக் கைவிட்டது. அந்தக் கொந்தளிப்பில் நியாயம் இருந்தது. தறியை வகுப்புக்குக் கொண்டு வருவது ஒன்று. பிள்ளையைத் தறிக்குத் திருப்பியனுப்புவது வேறொன்று. பாவின் எடையை வைத்துச் சதவீதம் கற்கும் பிள்ளை, அந்தச் சதவீதத்தைக் கொண்டு பாங்கிக்கோ இஞ்சினீயர் வேலைக்கோ போகட்டும். விரும்பினால் தறிக்கே வரட்டும், கண் திறந்து வரட்டும். கரையில் 24 ஊடைக்கு ஒரு முறையும் உடலில் 36 ஊடைக்கு ஒரு முறையும் பூ விழுந்தால் இரண்டும் 72-இல் சந்திக்கும் என்று நெய்கிறவருக்குக் கை சொல்லும். அதற்கு மீச்சிறு பொது மடங்கு என்று பெயரிட்டு, வேறெங்கும் வழங்கும்படி பொதுவாக்கிக் கொடுப்பது பள்ளிக்கூடத்தின் வேலை. ஜக்கார்டு அட்டையின் துளைகளே பிற்காலத்தில் கணக்கு யந்திரங்களுக்கு வழிகாட்டின என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஆரணிக்கு அது பெருமையான செய்தி.

கை அறிந்தது தானே நோட்டுக்கு வந்துவிடும் என்று எண்ணுவதும் பிசகு. கல்கத்தா, டில்லி சந்தைகளில் வியாபாரம் செய்யும் பிள்ளைகளை வைத்து நடந்த ஆராய்ச்சி 2025-இல் 'நேச்சர்' பத்திரிகையில் வெளிவந்தது. மனக்கணக்காகக் காய்கறி விலையைப் பிசகாமல் சொன்ன பிள்ளைகள், அதே வகைக் கணக்கைப் பள்ளிக்கூட முறையில் எழுதிக் கொடுத்தால் தடுமாறினார்கள். பள்ளியில் மட்டும் படித்த பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். இரண்டு கரைக்கும் பாலம் போட ஆள் வேண்டும். உபாத்தியாயரைத் தவிர வேறு ஆள் இல்லை. மனத்தால் போட்ட கணக்கைக் குறுக்கு வழியென்று தள்ளாமல், வாயால் சொல்லச் செய்து, பிறகு எழுதச் செய்வது வகுப்பின் சட்டமாக வேண்டும்.

இவையெல்லாம் உபாத்தியாயர் ஒருவருடைய தலையில் சுமத்தக் கூடியவை அல்ல. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி ஒவ்வொரு சர்க்கார் பள்ளிக்கும் ஒரு மேலாண்மைக் குழு உண்டு. அதன் அங்கத்தினரில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். ஆரணி வட்டாரத்துப் பள்ளிகளில் இந்தப் பெற்றோரில் பலர் தறி வீட்டார், நெல் ஆலைத் தொழிலாளர். கட்டடத்துக்கு வெள்ளையடிப்பதும் குடிநீர்க் குழாயும் குழுவின் கூட்டங்களில் பேசப்படுகின்றன, அவசியமானவையே. கணக்கு வகுப்பின் சட்டத்தை ஒரு காகிதத்தில் எழுதி அந்தக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். பாவு நீட்டும் நாட்கள் எவை, கல்யாண மாதத்து அவசர நெசவு எப்பொழுது என்று தாய்மார் சொல்லட்டும். அந்த நாட்களில் புதுப் பாடம் தொடங்காமல் பழைய பாடத்தை ஓட்டலாமா என்று உபாத்தியாயர் பதில் சொல்லட்டும். நமது அரசியல் தொண்டர்கள் தேர்தல் காலத்தில் வீடு வீடாகப் போகிறார்கள். ஜூன் மாதத்தில் ஒரு மாலை, தம் தெருப் பிள்ளைகளின் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டி, அங்கே என்ன சட்டம் எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் குழுக் கூட்டத்துக்குப் போகட்டும்.